கலிஃபோர்னியா காட்டுத்தீ ரேடியோவைப் பினாங்கிலிருந்து கேட்பது எப்படி: முதலில் வரைபடம், அப்புறம்தான் எண்

2025 ஜனவரி 8, புதன்கிழமை. காலை பதினொன்றரை இருக்கும். லெபோ பாசார் பக்கத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்துக்கொண்டிருந்தேன். பட்டர்வொர்த்திலிருந்து அக்காவின் குரல் பதிவு வந்தது: "தம்பி, பசடேனா பக்கம் மலையில தீயாம், பாப்பா போன எடுக்கல, நீதான் ரேடியோ அது இதுன்னு வச்சிருப்பியே, என்னன்னு பாரு."

பாப்பா என்றால் அக்கா மகள், அங்கே படிக்கிறாள். எனக்கு அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கிடைத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் வீட்டில் ரேடியோ சம்பந்தமான எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். உடனே கைப்பேசியில் ரேடியோப் பேச்சுகளை இணையத்தில் கேட்கவைக்கும் பிராட்காஸ்டிஃபை செயலியைத் திறந்து, பெயரில் 'கால் ஃபயர்' (கலிஃபோர்னியா மாநிலத் தீயணைப்புத் துறை) என்று இருந்த முதல் ஒலிபரப்பைத் தட்டி, காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் கேட்டேன். யாரோ ஒருவர் ஏதோ ஒரு நெடுஞ்சாலை விபத்துக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கவனித்தேன், அது மாநிலத்தின் வடகோடியில் உள்ள ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). தீ எரிந்த இடத்துக்கும் அதற்கும் கோலாலம்பூருக்கும் ஹட்யாய்க்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

பாப்பா பத்திரமாகத்தான் இருந்தாள், சான் டியேகோவில் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், போனில் சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது நிமிடம் என்னை உறுத்தியது. பத்து வருட அனுபவம் இருந்தும் எங்கே கேட்க வேண்டும் என்று தெரியவில்லையே! அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசையில் இதை எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் அலைவரிசைப் பட்டியலைத் தேடிப் பிடித்து மனப்பாடம் பண்ணப் பார்க்கிறார்கள். வேண்டாம். இந்த விஷயத்தில் எண் கடைசியில்தான் வரும். இடம் யாருடையது, அந்த இடத்துக்கு வண்டி அனுப்புகிற கட்டுப்பாட்டு அறை எது, அதுதான் முதல் கேள்வி.

தொடங்கும் முன்

ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம், கலிஃபோர்னியா வரைபடம் ஒன்று, இவை போதும். ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் ரேடியோ, வாங்க வேண்டாம். தீயணைப்பு ரேடியோ பெரும்பாலும் விஎச்எஃப் என்ற அலைப்பட்டை, அது மலை தாண்டவே திணறும், பசிபிக் கடலை எங்கே தாண்டப்போகிறது. அங்கே உள்ள ஆர்வலர்கள் தங்கள் ஸ்கேனரை இணையத்தில் விடுகிறார்கள், நாம் அதைத்தான் கேட்கிறோம். நேர வித்தியாசம் நமக்குச் சாதகம். அங்கே கோடைக்காலத்தில் நாம் 15 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் 16. காட்டுத்தீ வெறிகொள்வது அங்கே பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை, அதாவது நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு. காலைக் காப்பியோடு கேட்கலாம்.

படி ஒன்று: நிலம் யார் பொறுப்பு?

கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ என்றால் எல்லாம் ஒரே துறை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஏனென்றால் இங்கே நமக்கு போம்பா (தீயணைப்புத் துறை) ஒன்றுதான், 999 அடித்தால் முடிந்தது. அங்கே அப்படி இல்லை. நிலம் மூன்று வகையாகப் பிரிந்திருக்கிறது: மாநிலப் பொறுப்பு நிலம், மத்திய அரசுப் பொறுப்பு நிலம், உள்ளூர்ப் பொறுப்பு நிலம். மாநிலப் பொறுப்பில் மட்டும் 3 கோடியே 10 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது கால் ஃபயர். மத்திய நிலத்தில் இருப்பதிலேயே பெரிய பங்கு தேசியக் காடுகள், அவற்றை அமெரிக்க வனச் சேவை பார்க்கிறது. நகரங்கள் தங்கள் எல்லைக்குள் தாங்களே.

கால் ஃபயர் தன் பகுதியை 21 யூனிட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் மூன்றெழுத்துக் குறி: பியூட் பிடியூ, ரிவர்சைடு ஆர்ஆர்யூ, சோனோமா, லேக், நாபா மூன்றும் சேர்ந்தது எல்என்யூ, சாண்டா கிளாரா எஸ்சியூ, சான் மட்டேயோவும் சாண்டா குரூஸும் சிஇசட்யூ. 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய பெருந்தீக்களுக்கு 'எஸ்சியூ', 'எல்என்யூ', 'சிஇசட்யூ' என்றே பெயர் வந்தது இதனால்தான். செய்தியில் அந்த எழுத்துகளைப் பார்த்தபோது ஏதோ ரகசியக் குறியீடு என்று நினைத்தேன், பார்த்தால் யூனிட் பெயர். ஒவ்வொரு யூனிட்டிலும் ஓர் அவசரக் கட்டளை மையம் இருக்கும், பேச்சில் ஈசிசி என்பார்கள். அதுதான் டிஸ்பேட்ச். அந்த மையம் கை நீட்டுகிற எல்லைதான் டிஸ்பேட்ச் பகுதி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நான் விழுந்த குழியும் அதுதான். ஆறு கவுண்டிகள் கால் ஃபயரிடம் பணம் வாங்கிக்கொண்டு மாநில நிலத்தையும் தாங்களே பார்த்துக்கொள்கின்றன: கெர்ன், லாஸ் ஏஞ்சலஸ், மரின், ஆரஞ்சு, சாண்டா பார்பரா, வெஞ்சுரா. ஒப்பந்தக் கவுண்டிகள் என்று பெயர். அதனால் நான் அன்று தேடிய 'கால் ஃபயர் லாஸ் ஏஞ்சலஸ்' என்ற யூனிட் உலகத்திலேயே கிடையாது.

அன்று தீ எரிந்த மலையடிவாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டடீனா லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தீயணைப்புத் துறையின் கையில் இருக்கிறது. அதற்கு மேலே மலை ஏறினால் ஏஞ்சலஸ் தேசியக் காடு, மத்திய அரசு. கீழே தெற்கே இறங்கினால் பசடேனா நகரம், அதற்கு வண்டி அனுப்புவது வெர்டுகோ மையம். பர்பேங்க், கிளெண்டேல், பசடேனா மூன்று நகரங்களும் 1979-ல் சேர்ந்து தொடங்கிய மையம் அது, இன்று இன்னும் பல சிறு நகரங்கள் அதில் இருக்கின்றன. மேற்கே போனால் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம், அதற்குத் தனித் தீயணைப்புத் துறை, தனி மையம். ஒரே மலைச்சரிவைச் சுற்றி நாலு கட்டுப்பாட்டு அறைகள். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஆயிர் ஈத்தாமுக்கு ஒருவர், பாயா தெருபோங்குக்கு ஒருவர், கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஒருவர் என்று வைத்தது மாதிரி.

இவர்கள் நாலு பேரும் ஒரே பட்டையிலும் பேசுவதில்லை. மாநகரத்தின் வழக்கமான சேனல்கள் 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம், கவுண்டியினுடையவை 470-க்கும் 512-க்கும் இடைப்பட்ட யுஎச்எஃப், தேசியக் காடு 162-க்கும் 174-க்கும் இடைப்பட்ட விஎச்எஃப். காரணம் எளிது. அமெரிக்காவில் மத்திய அரசுத் துறைகளுக்கு அலைவரிசை கொடுப்பது என்டிஐஏ, மாநிலம் கவுண்டி நகரங்களுக்குக் கொடுப்பது எஃப்சிசி. இரண்டு தனித்தனிக் கடைகள். இதிலிருந்து ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது: காட்டுத்தீப் பேச்சு 151-லிருந்து 159-க்குள் இருந்தால் மாநிலம் அல்லது உள்ளூர், 162-க்கு மேல் 174-க்குள் இருந்தால் பெரும்பாலும் மத்திய அரசு.

ஆக முதல் நாள் வேலை இதுதான். தீயின் பெயரையும் அருகில் உள்ள ஊரையும் எடுத்துக்கொண்டு வரைபடத்தில் விரல் வையுங்கள். எந்த யூனிட், எந்தக் காடு, எந்தக் கவுண்டி என்று நோட்டில் எழுதுங்கள். எல்லை ஓரமாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் நிச்சயம் இரண்டு பேரும் வண்டி அனுப்புவார்கள். சில இடங்களில் மாநிலமும் வனச் சேவையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும். கிராஸ் வேலியில் நெவாடா, யூபா, பிளேசர் யூனிட்டும் டாஹோ தேசியக் காடும் ஒரே மையம். அப்படிப்பட்ட இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகினால் புதியவர்களுக்குச் சுலபம்.

படி இரண்டு: எந்த வேலைக்கு எந்தச் சேனல்?

இதைப் புரியவைக்க நான் எப்போதும் தைப்பூசக் கதையைத்தான் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன்பு ரத ஊர்வலத்துக்குத் தொண்டூழியம் செய்த ஒரு குழுவில் இருந்தேன். ஊரில் ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலை போய்ச் சேரும் வரை வழி நெடுக ஆட்கள், இருபத்தைந்து வாக்கி டாக்கி, எல்லாம் ஒரே சேனல். காலை வரை பிரச்சினை இல்லை. வெயில் ஏறியதும் ஒரு பந்தலில் மோர் தீர்ந்துவிட்டது என்கிறார் ஒருவர், குழந்தை தொலைந்துவிட்டது என்கிறார் இன்னொருவர், ரதம் எங்கே வருகிறது என்று மூன்று பேர் ஒன்றாகக் கேட்கிறார்கள். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு, காதில் விழுந்ததெல்லாம் கரகரப்புதான். இதற்கு நடுவில் ஒரு தம்பி ரேடியோவைப் பேன்ட் பாக்கெட்டில் செருகியிருக்கிறான், உட்கார்ந்தபோது பேசும் பொத்தான் அழுந்திக்கொண்டது. அடுத்த இருபது நிமிடமும் அவன் தன் நண்பனோடு கால்பந்து பேசுவதை இருபத்து நாலு பேரும் கேட்டோம். யாராலும் குறுக்கே போக முடியவில்லை. கடைசியில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய் அவனைப் பிடித்தார். அடுத்த வருடம் பந்தல் கூட்டத்துக்கு ஒரு சேனல், ரதத்தோடு நடப்பவர்களுக்கு ஒன்று, தலைவர்கள் மட்டும் பேசிக்கொள்ள ஒன்று என்று பிரித்தோம். பிரச்சினை தீர்ந்தது.

காட்டுத்தீக்காரர்கள் செய்வதும் இதேதான், இன்னும் ஒழுங்காக. நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் இந்த வகைகள்.

முதலாவது உள்ளூர்ச் சேனல், யூனிட்டின் ஈசிசி வண்டிகளை அனுப்புவதும் வண்டிகள் "கிளம்பிவிட்டோம், வந்து சேர்ந்தோம்" என்று சொல்வதும் இதில். எல்லாத் தீயும் இங்கேதான் பிறக்கிறது, எனவே புதியவர் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

இரண்டாவது கமாண்ட். தீயிடத்தில் பொறுப்பில் உள்ள அதிகாரி கட்டுப்பாட்டு அறையோடும் தன் பிரிவுத் தலைவர்களோடும் பேசுவது. இது மலை உச்சி ரிப்பீட்டர் வழியாகப் போகும். ரிப்பீட்டர் என்னவென்று தெரியாதவர்கள் கொடிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து கையடக்க ரேடியோவில் பாலிக் புலாவுக்குப் பேச முடியாது, நடுவில் மலை. ஆனால் 833 மீட்டர் உயரத்தில் மலைமேல் ஒரு பெட்டி இருந்து, ஓர் அலைவரிசையில் உங்கள் குரலை வாங்கி அதே நொடியில் இன்னொன்றில் பலமாகத் திருப்பி விட்டால் இரண்டு பக்கமும் கேட்கும். கால் ஃபயர் கமாண்ட் 1 அப்படித்தான்: தரையிலிருந்து 159.300-ல் ஏறும், உச்சியிலிருந்து 151.355-ல் இறங்கும். நாம் கேட்பது இறங்குவதை.

மூன்றாவது டாக், அதாவது டாக்டிகல். குழாய் பிடித்து நிற்பவர்கள், புல்டோசர் ஓட்டுபவர், பக்கத்து வண்டி, இவர்கள் தங்களுக்குள் பேசுவது. இதில் ரிப்பீட்டர் இல்லை, ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேரே, சிம்ப்ளெக்ஸ். கொஞ்ச தூரம்தான் எட்டும், அது வேண்டுமென்றே செய்தது. ஒரே டாக் அலைவரிசையை ஒரே மதியத்தில் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தீக்குக் கொடுக்கலாம், இருவருக்கும் தெரியாது. 151.145 என்றால் கால் ஃபயர் டாக் 1. ஆனால் அதில் யார் பேசுகிறார் என்பதை எண் சொல்லாது, எந்தப் பகுதியில் கேட்கிறீர்கள் என்பதுதான் சொல்லும். இதனாலேயே டாக் பேச்சு இணைய ஒலிபரப்பில் அபூர்வமாகத்தான் கிடைக்கும், ஸ்கேனர் வைத்திருப்பவர் வீடு தீக்குப் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு. கேட்கவில்லையே என்று ஏமாற வேண்டாம்.

வேறு துறைகள் உதவிக்கு வந்தால் எல்லோருக்கும் பொதுவான பரஸ்பர உதவிச் சேனல்கள் இருக்கின்றன: 154.280, 154.265, 154.295. பழைய ஆட்கள் இவற்றை ஒயிட் 1, 2, 3 என்பார்கள். இப்போதைய பெயர் விஃபயர் 21, 22, 23.

அப்புறம் ஆகாயம். தரைக்கும் விமானத்துக்கும் நடுவில் ஏர் டு கிரவுண்ட், விமானத்துக்கும் விமானத்துக்கும் நடுவில் சாதாரண விமானப் பட்டையான ஏஎம். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சுவாரசியமானது ஏர் டு கிரவுண்ட்தான், ஏனென்றால் மேலே வட்டமிடுகிற ஏர் அட்டாக் அதிகாரி தீயை முழுசாகப் பார்த்து, பக்கவாட்டு எவ்வளவு, எந்தப் பாறைமேட்டைத் தாண்டிவிட்டது, எந்த வீடுகளுக்கு ஆபத்து என்று வார்த்தையால் படம் வரைவார். கால் ஃபயரில் நெடுங்காலமாக இதற்குள்ள எண் 151.220. எல்லாவற்றுக்கும் மேலே ஏர் கார்டு என்று ஒன்று, 168.625. எல்லா விமானமும் காது கொடுத்திருக்கும், அவசரத்துக்கு மட்டும்தான் வாய் திறக்கும். அது பேசினால் நோட்டில் நேரம் குறியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சேனல் பெயர்களில் 'சிடிஎஃப் கமாண்ட்', 'சிடிஎஃப் டாக்' என்று வரும். குழம்ப வேண்டாம், அது கால் ஃபயரின் பழைய பெயரின் சுருக்கம். துறை பெயர் மாற்றிக்கொண்டது, ரேடியோவில் பழையது ஒட்டிக்கொண்டுவிட்டது, நாம் இன்னும் ஜாலான் உத்தாமாவை வெஸ்டர்ன் ரோடு என்கிற மாதிரி.

படி மூன்று: டோன்

புதியவர்கள் தலை சுற்றி விழுகிற இடம் இது. மெதுவாகப் போவோம்.

கமாண்ட் அலைவரிசைகள் மாநிலம் முழுக்கப் பல மலை உச்சிகளில் ஒரே எண்ணில் இருக்கின்றன. ஒருவர் பொத்தானை அழுத்தினால் எட்டுகிற எல்லா உச்சியும் விழித்துக்கொண்டால் கோயில் மணி எல்லாம் ஒரே நேரத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு தாழ்ந்த முனகல் ஒலியைத் திறவுகோலாக வைத்திருக்கிறார்கள். ரேடியோ அந்த முனகலைக் குரலோடு சேர்த்து அனுப்பும், அது பொருந்துகிற உச்சி மட்டும் திறக்கும். கலிஃபோர்னியாத் தீயணைப்புத் துறைகள் இவற்றுக்கு எண் போட்டு வைத்திருக்கின்றன, மொத்தம் 16. டோன் 1 என்றால் 110.9 ஹெர்ட்ஸ், டோன் 2 என்றால் 123.0, டோன் 8 என்றால் 103.5. எனவே "கமாண்ட் 1, டோன் 8" என்று காதில் விழுந்தால் அலைவரிசை 151.355, உச்சி எட்டாம் டோனுக்குத் திறக்கிறது என்று அர்த்தம். டோன் எண்ணை ஊரோடு சேர்த்து எழுதி வைத்துக்கொண்டே வந்தால் ஒரு பருவத்தில் உங்களுக்கே உச்சிகளின் வரைபடம் கிடைத்துவிடும்.

இது விளையாட்டு விஷயம் இல்லை. 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் ஹில் தீயில் 19 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த விசாரணை அறிக்கை சில ரேடியோக்களில் சரியான டோன் அமைக்கப்படாமல் இருந்ததையும் அன்றைய தகவல் தொடர்புச் சிக்கல்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறது. வேறு பகுதியிலிருந்து உதவிக்கு வருகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை ரேடியோவை அந்தப் பகுதிக்கு ஏற்ப மாற்றுவது. தண்ணீர் வண்டிக்கு முன்னால் அது.

கேட்கிற நமக்கு ஒரு குறிப்பு: அங்கே போய் நிஜ ஸ்கேனரில் கேட்க நேர்ந்தால் டோனை நிரப்பாமல் விட்டுவிடுங்கள். நிரப்பினால் அந்த டோன் இல்லாத பேச்சை ஸ்கேனர் அடக்கிவிடும். நிரப்பாவிட்டால் சில சமயம் இரண்டு தீயின் பேச்சு கலந்து வரும், அதைத் தீயின் பெயரைக் கேட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி நான்கு: ஓர் அறிவிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

நானே ஜோடித்த ஓர் உதாரணம், ஆனால் அமைப்பு இப்படித்தான் இருக்கும். கட்டுப்பாட்டு அறை சொல்கிறது: "புல்தீ, இன்ன சாலையும் இன்ன சாலையும் சந்திக்கும் இடம். கமாண்ட் 2, டோன் 8. டாக் 5. ஏர் டு கிரவுண்ட் 1." அதன் பிறகு போகிற வண்டிகளின் எண்கள்.

முப்பது நொடிகூட இல்லை. இதில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. சாலைச் சந்திப்பைக் கொண்டு நிலம் யாருடையது என்று பாருங்கள். தீக்குப் பெரும்பாலும் பக்கத்துச் சாலை அல்லது இடத்தின் பெயரை வைப்பார்கள், 2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் ஊரை அழித்த கேம்ப் ஃபயருக்குக் கேம்ப் கிரீக் ரோடு என்ற சாலையிலிருந்துதான் பெயர் வந்தது. கமாண்டையும் டோனையும் எழுதுங்கள், இனி கதை அங்கே தொடரும். டாக் 5-ஐ எழுதுங்கள், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. ஏர் டு கிரவுண்ட் கொடுத்திருந்தால் விமானம் கிளம்புகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வண்டி எண்ணும் பேசும். கால் ஃபயர் எஞ்சின்களுக்கு நாலு இலக்க எண், முதல் இரண்டு இலக்கம் சொந்த யூனிட். 21 என்று தொடங்கினால் பியூட், 14 என்றால் சோனோமா, லேக், நாபா, 31 என்றால் ரிவர்சைடு, 33 என்றால் சான் டியேகோ. பியூட் தீயில் 31-ல் தொடங்கும் எஞ்சின்கள் பேச ஆரம்பித்தால் தெற்கிலிருந்து ஆள் வரவழைக்கும் அளவுக்கு நிலைமை போய்விட்டது. யாரும் அறிவிக்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படி ஐந்து: தீ பெரிதானால்

உள்ளூர்ச் சேனல்களும் மாநிலக் கமாண்டும் ஒரு சாதாரணத் தீக்குத் தாங்கும். மூன்றாம் நாள், இரண்டாயிரம் பேர், நாலு ஹெலிகாப்டர் என்றானால் தாங்காது. அப்போது கோரிக்கை மேலே ஏறும். யூனிட்டிலிருந்து பிராந்திய ஒருங்கிணைப்பு மையத்துக்கு, கலிஃபோர்னியாவில் வடக்கே ரெட்டிங், தெற்கே ரிவர்சைடு. அங்கிருந்து ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் உள்ள தேசிய மையத்துக்கு. நாடு முழுக்க இப்படிப் பத்துப் பிராந்தியங்கள். பாய்சியில் ரேடியோக்களுக்கென்றே ஒரு தேசியக் கிடங்கு இருக்கிறது, கையடக்க ரேடியோக்களும் தூக்கிப்போய் மலைமேல் வைக்கிற ரிப்பீட்டர்களும் பெட்டி பெட்டியாக. அவற்றோடு தேசிய அலைவரிசைகளும் வரும்: தேசியக் கமாண்ட் 1 என்றால் 168.700, தேசிய டாக் 1 என்றால் 168.050, டாக் 2 என்றால் 168.200, டாக் 3 என்றால் 168.600. பக்கத்துப் பெருந்தீயோடு மோதாதபடி யாருக்கு எது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கத் தனி அதிகாரி இருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் தீயிடத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்து ரேடியோத் திட்டம் எழுதுவார். படிவ எண் 205. எந்தப் பிரிவுக்கு எந்த டாக், எந்தக் கமாண்ட், எந்த டோன் என்று ஒரே தாளில். ஒவ்வொரு செயல்பாட்டுக் காலத்துக்கும் புதிதாக வரும். நேற்று எழுதிய உங்கள் நோட்டு இன்று செல்லாது என்பதற்கு இதுதான் காரணம். நேற்று வரை கலகலவென்று இருந்த சேனல் திடீரென்று ஊமையானால் தீ அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இடம் மாறிவிட்டார்கள்.

இவ்வளவு கட்டுக்கோப்பு சும்மா வரவில்லை. 1970 இலையுதிர் காலத்தில் கலிஃபோர்னியாவில் 13 நாள் எரிந்த தீக்களில் 16 பேர் இறந்தார்கள், எழுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. வந்து நின்ற துறைகள் ஒவ்வொன்றும் வேறு அலைவரிசை, வேறு குறிச்சொல், வேறு பதவிப் பெயர். பக்கத்தில் நிற்பவரோடு பேச வழியில்லை. அதற்குப் பிறகு அந்தத் துறைகள் ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டுத் திட்டத்தில் கூடி உட்கார்ந்து உருவாக்கியதுதான் இன்று உலகம் முழுக்கப் போயிருக்கும் சம்பவக் கட்டளை முறை. ரேடியோவில் ரகசியக் குறி எண்களை விட்டுவிட்டுத் தெளிவான சொற்களில் பேசும் பழக்கமும் அந்த வழியில் வந்ததுதான், நமக்குக் காது பழகுவதும் அதனால்தான்.

செய்யக்கூடாதவை, சுருக்கமாக

இணைய ஒலிபரப்பு தாமதமாக வரும், துண்டு துண்டாகத்தான் இருக்கும். அதை வைத்து அங்கே உள்ள உறவினரிடம் "இரு, போக வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். வெளியேறும் உத்தரவு அவர்கள் கைப்பேசிக்கு வரும், அதைக் கேட்கச் சொல்லுங்கள். வாட்ச் டூட்டி என்ற செயலியைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம், இதே ரேடியோக்களைக் காது வைத்துக் கேட்டுச் சரிபார்த்துப் போடுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கிறார்கள். நான் இப்போது இரண்டையும் ஒன்றாகத் திறந்து வைத்துத்தான் கேட்கிறேன். குடும்பக் குழுவில் பாதி கேட்டதை அனுப்புவதை அக்கா எனக்குத் தடை செய்துவிட்டார், நியாயம்தான்.

இணையத்தில் கிடைக்கிற அலைவரிசைப் பட்டியல்களில் தேதி பாருங்கள். 2013-க்கு முந்தையது என்றால் தொடவே வேண்டாம், அந்த வருடம் ஜனவரி 1-க்குள் மாநில, உள்ளூர் விஎச்எஃப் சேனல்கள் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய பட்டைக்கு மாறியாக வேண்டியிருந்தது, அதற்கு முந்தைய பட்டியல்களில் பாதி வரலாறு.

அப்புறம் ஒன்று, இது முக்கியம். இதைப் படித்த ஆர்வத்தில் நம்மூர் போம்பாவையும் போலீசையும் கேட்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். அரசுத் துறைகள் டிஜிட்டல் வலையமைப்புக்குப் போய்விட்டன, அது தவிர 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு பிறர் தகவல் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் ஸ்கேனர் கேட்பது பொழுதுபோக்கு. இங்கே அந்தக் கணக்கு வேறு. ரேடியோ ஆசை அடங்கவில்லை என்றால் அமெச்சூர் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்குங்கள், 144-லிருந்து 148 மெகாஹெர்ட்ஸ் வரை உங்களுக்காகவே திறந்திருக்கிறது, ரிப்பீட்டரும் டோனும் சொந்தக் கையில் பழகிவிடும்.

முதல் வாரப் பயிற்சி

ஒரே ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பியூட்டில் ஆரம்பித்தேன், ஒலிபரப்பு தெளிவாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஜூலை அல்லது ஆகஸ்ட், விடியற்காலை ஆறு மணி, ஒரு மணி நேரம். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், இடம், கமாண்டும் டோனும், டாக், வண்டி எண்கள். முதல் நாள் பாதிக்கு மேல் காலியாக இருக்கும், அமெரிக்க உச்சரிப்பும் கரகரப்பும் சேர்ந்து ஒன்றும் பிடிபடாது. நாலாம் நாள் டோன் எண்கள் தானாக விழும். பெரும்பாலான நாட்கள் ஒரு காய்ந்த புல்வெளி, இரண்டு எஞ்சின், இருபது நிமிடம், முடிந்தது. அப்படிச் சின்னத் தீக்கள்தான் வேண்டும், ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் கேட்கலாம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இன்னும் அந்த ஜனவரி காலையின் கிறுக்கல் இருக்கிறது: "கால் ஃபயர் – ???" அதற்குக் கீழே பிறகு சிவப்பு மையில் எழுதினேன்: கவுண்டி, காடு, வெர்டுகோ, மாநகரம்.